அது ஒண்டும் செய்யாது

நாகமுத்துவின் இரண்டு தொடைகளும் கல்லாக இறுகிக் கிடந்தன. முதல்நாள் முழுவதும் வேறொருவன் தோட்டத்தில் கூலிக்குத் துலா மிதித்திருந்தான். கிணற்றுக்கு மேலே ஆடும் அந்த நீண்ட மரத்தில் முன்னுக்கு நடந்தால் இறைக்கிற ஓலைப் பட்டை தண்ணீருக்குள் இறங்கும். பின்னுக்கு நடந்தால் நிரம்பி மேலே வரும். விடியலில் தொடங்கி வெயில் உச்சிக்கு வரும்வரை நடக்கிறவனுக்குப் பருத்தித்துறைக்குப் போய்வந்த அலுப்புக் காலில் ஏறியிருக்கும். ஆனால் அவன் கிணற்றடியை விட்டு எங்கும் போயிருக்கமாட்டான்.

வள்ளிப்பிள்ளை எண்ணெயைச் சுடவைத்து அவன் காலில் தேய்த்தாள்.

"மெல்ல. தோல் உரியுது."

"உரிஞ்சால் உரியட்டும். இண்டைக்கு எங்கடை முறை. எழும்புங்கோ."

புளியடிக் கிணறு பங்குக் கிணறு. ஐந்து பங்குகாரர், ஆளுக்கு ஒரு நாள். முறைக்குரியவன் வெளிச்சம் வருமுன் துலாவடியில் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் அந்த நாள் போனதுதான். மறுபடி தன் நாள் வரும்வரை அவன் பயிர் காயவேண்டியதுதான். காய்ச்சலோ செத்தவீடோ, கிணறு யாருக்காகவும் காத்திருக்காது. பங்குகாரன் ஒருவன் விரும்பினால் தன் முறையை இன்னொருவனுக்கு விட்டுக்கொடுக்கலாம். அப்படி வாங்கியவன் அதைத் தண்ணீராகவே திருப்பிக் கொடுக்கவேண்டும். தண்ணீருக்குக் காசை நீட்டுகிறவனை அந்தக் கிணற்றடியில் ஒருவரும் மதிக்கமாட்டார்கள்.

மாசி மாதம். புகையிலை விரிந்து தடிக்கிற காலம். ஒரு முறை தவறினால் அடி இலை வெந்துபோகும். இரண்டு தவறினால் விற்கிறதற்கு இலை இராது, சருகுதான் இருக்கும். அந்தத் தோட்டம் குத்தகை நிலம். இலை போனால் நிலமும், நிலத்தோடு வரும் கிணற்றுப் பங்கும் போகும்.

வீட்டிலிருந்து கிணற்றுக்குப் போகும் பாதை யூபிலி வெளிக்குள்ளால் போனது. முன்பு அது கரவெட்டிச் சனத்தின் ஆடுமாடு மேய்ந்த தரவை. இங்கிலாந்து ராசாவின் வெள்ளிவிழா வருடத்தில் கிராமச் சங்கம் அதைச் சுற்றிக் கம்பி அடித்து, மரம் நட்டு, சீமெந்தில் இருக்க வாங்கு கட்டி, எல்லாரும் உலாவுவதற்கான பொது இடம் என்று ஒரு பலகையும் வைத்தது. ஆடுமாடு கட்டப்படாது, கட்டினால் பட்டியில் அடைத்துத் தண்டம் என்றும் அதே பலகையில் எழுதியிருந்தது. நாயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பலகையை எழுதுவித்த சங்க அங்கத்தவர் செபநாயகம் ஆடு வளர்க்கவில்லை. நாய் வளர்த்தார்.

செபநாயகம் மலாயாவில் ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்து பென்சனோடு திரும்பியவர். வந்து கல்வீடு கட்டினார். பக்கத்து நிலத்தை வாங்கினார், அதோடு புளியடிக் கிணற்றில் ஒரு பங்கும் அவருக்கு வந்தது. அந்த முறைத் தண்ணீரில் கூலிக்காரன் ஒருவன் அவருடைய ரோசாவுக்கும் குரோட்டனுக்கும் இறைத்தான். மிச்சம் வாய்க்காலில் ஓடி மண்ணுக்குள் போனது.

பிறின்ஸ் என்ற அல்சேசன் நாயை அவர் பினாங்கிலிருந்து கப்பலில் கொண்டுவந்தார். விடியப்புறம் இரண்டுபேரும் யூபிலி வெளியில் உலாவுவார்கள். கம்பிப் படலைக்குள் வந்ததும் அவர் சங்கிலியைக் கழற்றித் தன் கழுத்தில் சால்வை மாதிரிப் போட்டுக்கொள்வார். நாய் வெளி முழுக்க ஓடும். மீன்காரன் கனிசியசின் கூடையைத் தட்டிவிட்டிருக்கிறது. பள்ளிக்கூடம் போகிற பெட்டையளைக் கம்பியில் ஏறவைத்திருக்கிறது. அப்போதெல்லாம் வாங்கில் இருந்தபடி அவர் சொல்லுவது ஒன்றுதான்.

"ஓடாதையுங்கோ. அது ஒண்டும் செய்யாது."

அன்று நாகமுத்துவின் தோளில் துலாக்கயிறு சுருண்டு கிடந்தது. வள்ளிப்பிள்ளை மண்வெட்டியோடு பின்னால் வந்தாள். நிலம் வெளுக்கிற நேரம். நடு வெளிக்கு வரும்போது பிறின்ஸ் மரத்துக்குப் பின்னால் இருந்து வந்தது. குரைக்கவில்லை.

"ஐயா! நாயைப் பிடியுங்கோ!" வள்ளிப்பிள்ளை வாங்கில் இருந்த செபநாயகத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"நில்லு, நில்லு! அசையாதை! அது ஒண்டும் செய்யாது!"

நாகமுத்து நின்றான். சொன்னபடி அசையாமல்தான் நின்றான். நாய் அவனை ஒரு சுற்றுச் சுற்றி வந்து வலது கெண்டைக்காலைப் பிடித்தது. பிடித்து உதறியது. அவன் விழுந்தான். வள்ளிப்பிள்ளை மண்வெட்டிப் பிடியால் அதன் முதுகில் போட்டாள்.

"ஏய்! நாய்க்கு அடிக்காதை!"

செபநாயகத்தின் வாயில் முதலில் வந்தது அதுதான். பிறகுதான் எழும்பி வந்தார். நாயின் முதுகைத் தடவிப் பார்த்தார். நாகமுத்துவின் காலைப் பிரம்பால் சுட்டினார்.

"கயித்தைக் கண்டு பாம்பெண்டு நினைச்சிருப்பான்."

"கயிறு தோளிலை கிடந்தது ஐயா. கடிச்சது காலிலை" என்றாள் வள்ளிப்பிள்ளை.

"நீ கத்தினதிலை வெருண்டுபோனான். பொம்பிளையள் கத்துறது அவனுக்குப் பிடியாது."

"எனக்கும் பிடியாத காரியம் கனக்க இருக்கு. நான் ஒருத்தரையும் கடிக்கேல்லை."

"வாய் காட்டாதை. சின்னக் காயம். வீட்டை போய் மஞ்சள் அரைச்சுப் போடு."

"முதலிலை சங்கிலியைப் போடுங்கோ. உங்கடை கழுத்திலை கிடக்கு. நாயின்ரை கழுத்திலை போடுங்கோ."

அவர் போடவில்லை. "வாடா பிறின்ஸ்" என்று கூப்பிட்டுக்கொண்டு நடந்தார். கடித்தவனுக்கு வாடா, கடிபட்டவனுக்குப் பேரும் இல்லை.

கிணற்றடியில் மார்க்கண்டு காத்துக்கொண்டு நின்றான். அவனும் பங்குகாரன், பக்கத்துத் தோட்டக்காரன். அவன் முறைக்கு நாகமுத்து மிதிப்பான், நாகமுத்துவின் முறைக்கு மார்க்கண்டு பட்டை பிடித்து வாய்க்காலில் ஊற்றுவான். காலைக் கண்டதும் மார்க்கண்டுவின் முகம் கறுத்தது.

"ஆற்றை நாய்?"

"வேறை ஆற்றை?"

"நீ இரு. நான் மிதிக்கிறன்."

"அப்ப பட்டை பிடிக்கிறது ஆர்? இதுக்குள்ளை கதைச்சால் வெயில் ஏறிப்போம்."

நாகமுத்து துவாயைக் கிழித்துக் காலைக் கட்டிக்கொண்டு துலாவில் ஏறினான். கொஞ்ச நேரத்தில் மிதிக்கிற இடம் இரத்தத்தில் வழுக்கத் தொடங்கியது. அவன் அதன் மேல் மண்ணைத் தூவச் சொல்லிவிட்டு மறுபடி நடந்தான். தோட்டத்தில் பாதி நனைந்தபோது கால் மடிந்துவிட்டது. மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினான்.

"கால் சொல்வழி கேக்குதில்லை வள்ளி" என்றான்.

நெல்லியடி மருந்துச்சாலையில் அப்போதிக்கரி காயத்தைக் கழுவி, எரிகிற மருந்து ஒன்றை வைத்தார்.

"வளர்ப்பு நாயோ, திரிகிற நாயோ?"

"வளர்ப்புத்தான். ஆனால் திரியுது" என்றாள் வள்ளிப்பிள்ளை.

அவர் சிரிக்கவில்லை. "கவனமாக் கேள். அந்த நாயைக் கட்டி வைக்கச் சொல்லு. பத்து நாள். ஒவ்வொரு நாளும் போய் உன்ரை கண்ணாலை பார். திண்டு குடிச்சு நல்லா இருந்தால் இது வெறும் காயம். பத்து நாளைக்குள்ளை நாய்க்கு ஏதும் எண்டால், அதைக் காணேல்லை எண்டால், உடனை யாழ்ப்பாணம் பெரியாசுப்பத்திரிக்குப் போகவேணும். வயித்திலை ஊசி. நாளுக்கு ஒண்டு, ரண்டு கிழமை. பிந்தினால் வெறிநாய் விசர். விசர் வந்தவனை ஆராலையும் காப்பாத்தேலாது."

"இப்பவே ஊசியைப் போட்டால் என்ன?"

"அதுவும் லேசான ஊசி இல்லை. சிலபேருக்குக் காலே இழுத்துப்போடும். துலா மிதிக்கிற ஆள். நாய் உயிரோடை இருந்தால் தேவையில்லை."

ஆகவே வள்ளிப்பிள்ளைக்கு அந்த நாய் வேண்டும். தன் புருசனின் காலைப் பிய்த்த நாய், பத்து நாள் கண்ணுக்கு முன்னால் உயிரோடு இருக்கவேண்டும். அதைவிட வேறு ஒன்றும் அவள் யாரிடமும் கேட்கவில்லை.

அன்று பின்னேரமே கல்வீட்டுக்குப் போனாள். செபநாயகம் விறாந்தையில் சாய்வுக் கதிரையில் இருந்தார். நாய் அவர் காலடியில் கிடந்தது. சங்கிலி சுவரில் ஆணியில் தொங்கியது.

"கட்டி வையுங்கோ ஐயா. பத்து நாள். நான் காலமையிலை படலைக்கு வெளியாலை நிண்டு ஒருக்காப் பார்த்துப்போட்டுப் போறன். வேறை ஒண்டும் வேண்டாம்."

"விசர் வாறது உங்கடை பறட்டை நாயளுக்கு. இவன் சாதி நாய். இவன்ரை தாய்க்கும் தகப்பனுக்கும் பத்திரம் இருக்கு."

"பத்திரம் இருந்தாலும் பல்லு இருக்குத்தானே ஐயா."

உள்ளே இருந்து அவருடைய மனைவி நேசம்மா குரல் கொடுத்தாள். "கட்டி வையுங்கோவன். நானும் எத்தினை தரம் சொல்லிப்போட்டன். ஒரு நாளைக்கு ஆரையும் கடிச்சுக் கொண்டுபோடும்."

"நீ உள்ளுக்குப் போ." பிறகு வள்ளிப்பிள்ளையைப் பார்த்தார். "சரி, கட்டுறன். போ."

"சத்தியமாக் கட்டுவியளோ?"

"என்னட்டை சத்தியம் கேக்க வந்திட்டியோ? போன மாசம் உன்ரை ஆட்டைப் பட்டியிலை அடைச்ச கோபம் இன்னும் தீரேல்லைப் போலை."

"ஆடு புல்லைத்தான் திண்டது ஐயா. நீங்கள் அதுக்குத் தண்டம் வாங்கினனீங்கள்."

மறுநாள் விடிய அவள் யூபிலி வெளிக்குப் போனாள். சங்கிலி அவருடைய கழுத்தில் கிடந்தது. நாய் வெளி முழுக்க ஓடியது.

கத்தினால் அவர் திருந்தப்போவதில்லை என்று அவளுக்கு விளங்கியது. ஆகவே கம்பிக்கு வெளியே நின்று பார்த்தாள். நாய் ஓடுகிறதா, குட்டைத் தண்ணீரை நக்குகிறதா, தலையைக் கோணிக்கொண்டு நடக்கிறதா என்று பார்த்தாள். அது தண்ணீர் குடிக்கும்போது அவளுக்கு மூச்சு வரும். ஒவ்வொரு விடியலும் அப்படித்தான். ஊருக்கே உதவாத ஒரு மிருகத்தின் நாக்கைப் பார்த்துத் தன் தாலியின் ஆயுளைக் கணக்கிட வேண்டியிருந்தது. அவர் வாங்கில் இருந்து சுருட்டுப் பிடித்தார்.

நாகமுத்துவின் கால் பூசணிக்காயாக வீங்கியது. பயத்தில் அவன் தன் செம்புத் தண்ணீரைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான். விசர் பிடித்தவனுக்குத் தண்ணீர் இறங்காது என்பார்கள்; தொண்டையால் இறங்குமோ என்று. இறங்கினால் அவளைப் பார்த்துச் சிரிப்பான். அந்தச் சிரிப்பைக் காணும்போது அவளுக்குச் செபநாயகத்தின் கல்வீட்டை இடிக்கவேண்டும் போல இருக்கும்.

அடுத்த முறை வந்தது. துலா மிதிக்க ஆள் இல்லை. மாசியில் கால் உள்ளவன் எல்லாம் தன் தோட்டத்தில் நின்றான். வள்ளிப்பிள்ளை சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தானே ஏறினாள். மார்க்கண்டு பட்டையைப் பிடித்தான். ஒழுங்கை வழியாகப் போன ஒருவன் நின்று பார்த்தான்.

"மார்க்கண்டு! பொம்பிளை துலாவிலை ஏறினால் கிணறு வத்திப்போமடா!"

"வத்தட்டும்" என்றாள் அவள் மேலே இருந்து. "கிணத்திலை அவ்வளவு அக்கறை எண்டால் நீ வந்து ஏறன்."

அவன் போய்விட்டான். அவளுடைய அடி சிறியது, பாரம் குறைவு. ஒவ்வொரு பட்டைக்கும் மரத்தின் நுனிவரை நடக்கவேண்டியிருந்தது. உச்சி வெயிலுக்குள் முக்கால் தோட்டம் நனைந்தது. இறங்கியபோது நிலம் துலா மாதிரி ஆடியது.

"தங்கச்சி, இது சரிவராது" என்றான் மார்க்கண்டு. "நீயும் விழப்போறாய். உந்த நாய்க்கார ஆள் ஒருக்கா வந்து எட்டியெண்டாலும் பார்த்ததோ?"

"எட்டிப் பார்க்க வேண்டாம் அண்ணை. நாயைக் கட்டினால் காணும்."

மார்க்கண்டு நல்லவன். நல்லவன் என்கிறபடியால்தான் அது நடந்தது.

இரண்டு நாள் கழித்து வெயில் சாயும் நேரம் மார்க்கண்டு படலையைத் திறந்துகொண்டு வந்தான். கையில் இரும்பு அலவாங்கு. முகத்தில் ஒரு வெளிச்சம்.

"இனிப் பயம் இல்லை. முடிச்சுப்போட்டன்."

"என்னத்தை?"

"பிறின்ஸை. என்ரை கோழியைத் துரத்திக்கொண்டு தோட்டத்துக்குள்ளை வந்தது. ஒரே அடி. கடிச்ச நாய் உயிரோடை திரியுமட்டும் கடிபட்டவன்ரை உடம்பிலை விசம் ஏறும் எண்டு என்ரை ஐயா சொல்லுவார். இனி இறங்கியிடும். நாகமுத்து, எழும்பி இரடா."

வள்ளிப்பிள்ளை இரண்டு கையாலும் தன் தலையில் அடித்தாள்.

"ஐயோ அண்ணை! அந்த நாய் எனக்கு வேணுமே! இன்னும் மூண்டு நாள் வேணுமே! காலமையிலையும் தண்ணி குடிச்சதைப் பார்த்தனானே!"

"நீ... நீ அதை உயிரோடை விடவோ சொன்னனீ?"

"கட்டச் சொல்லித்தானே சொன்னன்! கொல்லச் சொல்லிச் சொன்னனானோ?"

மார்க்கண்டுவின் முகத்து வெளிச்சம் அணைந்தது. அப்போதிக்கரி சொன்னதை அவனுக்கு அவள் முழுதாகச் சொல்லியிருக்கவில்லை. நாயைக் கட்டவேண்டும் என்றதை, இன்னொருவரையும் கடிக்காமல் இருக்கத்தான் என்று அவன் விளங்கியிருந்தான். யாரைக் குறைசொல்வது? அந்த நாயின் கழுத்தில் சங்கிலி கிடந்திருந்தால் நாகமுத்துவுக்குக் கடியும் இல்லை, மார்க்கண்டுவின் தோட்டத்தில் நாயும் இல்லை.

மருந்துச்சாலை பூட்டுமுன் மூன்றுபேரும் வண்டில் பிடித்துப் போனார்கள். அப்போதிக்கரி எல்லாவற்றையும் கேட்டார்.

"நாயின்ரை தலை இருக்கோ? கொழும்புக்கு அனுப்பினால் மூளையைப் பார்த்துச் சொல்லுவாங்கள்."

மார்க்கண்டு நிலத்தைப் பார்த்தான். "தலையிலைதான் அடிச்சனான் ஐயா. அலவாங்காலை. தலையெண்டு சொல்ல அங்கை ஒண்டும் இல்லை."

அப்போதிக்கரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப ஊசிதான். விடிய முதல் பஸ்ஸிலை போங்கோ."

போனார்கள். நல்லூரில் வள்ளிப்பிள்ளையின் ஒன்றுவிட்ட தங்கை வீட்டுக் கோடியில் ஒரு கொட்டில் இருந்தது. அங்கே தங்கி, ஒவ்வொரு நாளும் நாகமுத்து நொண்டிக்கொண்டு ஆசுபத்திரிக்கு நடந்தான். தொப்புளைச் சுற்றி நீள ஊசி. மூன்றாம் ஊசியோடு காய்ச்சல் கண்டு புலம்பத் தொடங்கினான். சுவரைப் பார்த்து "ஐயா, நான் அசையேல்லை, நான் அசையேல்லை" என்றான். அவனை விட்டுவிட்டு அவளால் ஊருக்குப் போக முடியவில்லை. காய்ச்சல் இறங்கியபோது புளியடிக் கிணற்றில் அவர்கள் முறை வந்து போயிருந்தது. அது ஒன்று.

அடுத்த முறைக்கு எப்படியும் இறைத்துவிடுவது என்று முதல்நாளே ஊருக்குத் திரும்பினாள். தோட்டத்தைப் போய்ப் பார்த்தாள். அடி இலைகள் மஞ்சளாகி நிலத்தில் ஒட்டிக் கிடந்தன. மேல் இலைகளை இன்னும் காப்பாற்றலாம். மார்க்கண்டு வந்து பட்டை பிடிப்பதாகச் சொன்னான். அவன் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

பொழுதுபட ஊர்த்தலைவர் விதானையார் வீட்டிலிருந்து ஆள் வந்தது. நாயைக் கொன்றது பற்றிச் செபநாயகம் முறைப்பாடு வைத்திருக்கிறார், விடிய விளக்கம் வைத்து விசாரிப்பார்கள், மார்க்கண்டு வரவேண்டும், வள்ளிப்பிள்ளையும் வரவேண்டும்.

அவள் உடனே விதானையார் வீட்டுக்கு நடந்தாள்.

"நாளைக்கு எங்கடை முறை ஐயா. விளக்கத்தைப் பின்னேரத்துக்கு வையுங்கோ. இல்லாட்டில் நாளையிண்டைக்கு."

விதானையாருக்கு மனம் இளகியது போலத்தான் இருந்தது. செபநாயகத்திடம் ஆள் அனுப்பிக் கேட்டார். பின்னேரம் தனக்குக் கோயிலில் கூட்டம், அடுத்த நாள் தெல்லிப்பழையில் கலியாணவீடு, காலமைதான் வசதி என்று பதில் வந்தது. விதானையார் கையை விரித்தார். மனம் இளகுகிறவர்களின் கை எப்போதும் அப்படித்தான் விரியும்.

விளக்கம் உச்சிவரை நீண்டது. செபநாயகத்துக்குக் கதிரை. மார்க்கண்டு சால்வையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றான். நாய் எந்தக் கப்பலில் வந்தது, எந்த வெள்ளைக்காரனிடம் வாங்கியது, எப்படிப்பட்ட இறைச்சி தின்றது என்று செபநாயகம் சொன்னார். சொல்லும்போது அவருடைய கண் கலங்கியது. அது நடிப்பில்லை. நாயில் அவருக்கு மெய்யாகவே உயிர். அதைக் கட்டி வைப்பதற்கு மட்டும் அந்த உயிர் போதவில்லை.

"நாய் சங்கத்திலை பதிஞ்சதோ?" என்று விதானையார் மெல்லக் கேட்டார்.

"பதியவேணும் எண்டுதான் இருந்தன்."

"போன வருசம் கழுத்திலை தகடு இல்லையெண்டு எங்கடை ஒழுங்கை நாயள் எல்லாத்தையும் சங்கத்தாலை சுட்டனீங்கள்" என்றாள் வள்ளிப்பிள்ளை. "இதின்ரை கழுத்திலை தகடும் இல்லை, சங்கிலியும் இல்லை."

"உன்னைக் கேக்கேக்கை கதை."

"கேக்கமாட்டியள் ஐயா. அதாலைதான் கதைக்கிறன். பொது வெளியிலை நாயை அவிட்டு விட்டது ஆர்? கட்டுறன் எண்டு சொல்லிப்போட்டுக் கட்டாமல் விட்டது ஆர்? என்ரை மனிசன் அங்கை ஊசியாலை வீங்கிக் கிடக்கிறார். இந்த நேரம் நான் துலாவிலை நிக்கவேணும். இஞ்சை நாயின்ரை சாப்பாட்டைக் கேட்டுக்கொண்டு நிக்கிறன்."

"உன்ரை மனிசன் சாகேல்லைத்தானே" என்றார் செபநாயகம். "என்ரை பிறின்ஸ் செத்துப்போனான்."

மார்க்கண்டு ஒரு அடி முன்னுக்கு வைத்தான். வள்ளிப்பிள்ளை அவனுக்கு முன்னால் போய் நின்றாள். அவன் ஏதும் செய்துவிடுவானோ என்று பயந்து அல்ல. தான் ஏதும் செய்துவிடாமல் இருக்க, தனக்குப் பின்னால் ஒரு ஆள் வேண்டியிருந்தது.

விதானையார் தீர்த்தார். மார்க்கண்டு மன்னிப்புக் கேட்கவேண்டும். செபநாயகம் பெரியமனது பண்ணி நாயின் விலையை விட்டுவிடவேண்டும். இரண்டு பகுதியும் இதோடு விடவேண்டும். மார்க்கண்டு குனிந்து மன்னிப்புக் கேட்டான். செபநாயகம் தலையை ஆட்டினார்.

"நான் விடேல்லை" என்றாள் வள்ளிப்பிள்ளை. "எனக்கு வரவேண்டியது இருக்கு."

"என்ன வேணும்? ஆசுபத்திரிச் செலவோ?" செபநாயகம் சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

"உந்தக் காசை உள்ளை வையுங்கோ. உங்கடை நாயாலை போன கிழமை ஒரு முறை போச்சுது. உங்கடை வசதியாலை இண்டைக்கு ஒரு முறை போச்சுது. புளியடிக் கிணத்திலை உங்களுக்கும் பங்கு இருக்கு. ரண்டு முறைத் தண்ணி தாங்கோ. ரோசாக் கண்டு சாகாது."

செபநாயகம் விதானையாரைப் பார்த்துச் சிரித்தார். "நாய்க் கடிக்குத் தண்ணியாம்! இப்பிடி ஒரு வழக்கு மலாயாவிலையும் கேள்விப்படேல்லை." ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். அவள் அதைத் தொடவில்லை. அவர் அதை மேசையில் வைத்துவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு எழும்பினார். விதானையார் நோட்டை மடித்துச் செபநாயகத்தின் சட்டைப் பையிலேயே திரும்ப வைத்துவிட்டார்.

வெளியே வந்தபோது மார்க்கண்டு சொன்னான்: "நாளைக்கு என்ரை முறை. நீ எடு தங்கச்சி."

"உங்கடை இலை காயும்."

"காயட்டும். நான் செய்த பிழைக்கு நான் தாறன். இதுக்குத் திருப்பித் தர வேண்டாம்."

மறுநாள் அவள் மிதித்தாள், அவன் பட்டை பிடித்தான். கேலி செய்ய ஒருவரும் நிற்கவில்லை. மேல் இலைகளில் பாதி நிமிர்ந்தது. மற்றப் பாதி நிமிரவில்லை.

ஊசி முடிந்து நாகமுத்து வந்தான். விசர் வரவில்லை. அந்த நாய்க்கு விசர் இருந்ததோ இல்லையோ என்று இனி ஒருவருக்கும் தெரியாது. வலது கால் சூம்பிவிட்டது. துலா நுனிவரை நடந்தால் இழுக்கிறது. இப்போது அவன் பட்டை பிடிக்கிறான், அவள் மிதிக்கிறாள். புகையிலை வியாபாரி வந்து இலையை விரித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். காணிக்காரன் அடுத்த வருடம் நிலத்தை வேறு ஆளுக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டான். சித்திரைக்குப் பிறகு அவர்களுக்கு அந்தக் கிணற்றில் பங்கு இல்லை.

கிணற்றில் செபநாயகத்தின் முறை வரும் நாளெல்லாம் வள்ளிப்பிள்ளை விடியமுன் துலாவடியில் போய் நிற்கிறாள். கூலிக்காரன் பட்டையைக் கட்டுமுன், கல்வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி ஒருமுறை கேட்கிறாள். "ஐயா, இண்டைக்குத் தாறியளோ?" கூலிக்காரன் அவள் முகத்தைப் பார்க்காமல் ரோசாவுக்கு இறைக்கிறான். அவள் திரும்பி நடக்கிறாள்.

மலாயாப் பென்சன்காரர் செபநாயகம், நாகமுத்து பெண்சாதி வள்ளிப்பிள்ளைக்குப் புளியடிக் கிணற்றில் இரண்டு முறைத் தண்ணீர் தரவேண்டும்.